இடி முழங்கும் புகை

பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவர் ஆப்பிரிக்காக் கண்டத்துக்குப் பிரயாணம் போய் வந்தார் என்றால், கேட்பவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் நினைப்பார்கள். ஒன்று, அவருக்குப் புதையல் அகப்பட்டிருக்க வேண்டும்; இல்லையேல், அங்கே தாராள மனம் படைத்த சிநேகிதர் ஒருவர் இருக்க வேண்டும். நமக்கு அகப்பட்டது புதையல் அல்ல. ஸாம்பியா தேசத்தின் தலைநகரான லுஸாகாவில் உத்தியோகம் பார்க்கும் நமது பால்ய சிநேகிதர், "விமானக் கட்டணம் உம்முடையது, சாப்பாடும் பாயும் என்னுடையது" என்று பல வருஷங்களாக எழுதிக்கொண்டே இருந்தார். சம்பளத்தில் மாதா மாதம் சிறிது ஒதுக்கி, ஆறு வருஷம் சேர்த்த பிறகு, கோடை விடுமுறையில் அந்த அழைப்பை ஏற்றுக்கொண்டோம்.

அங்கே போவதற்கு நமக்கு வேறொரு காரணமும் உண்டு. இருபது வருஷ காலமாக நாம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டு வந்திருக்கிறோம். "விக்டோரியா நீர்வீழ்ச்சியைக் கண்டுபிடித்தவர் யார்?" என்பது அக்கேள்வி. "டேவிட் லிவிங்ஸ்டன்" என்று எழுதும் பிள்ளைக்கு ஒரு மார்க்கு. வேறு எது எழுதினாலும் பூஜ்யம். இவ்வாறு எத்தனையோ நூறு பிள்ளைகளுக்கு மார்க்குப் போட்ட நாம், அந்த நீர்வீழ்ச்சியின் ஒரு துளியைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. ஒரு முறை பார்த்துவிட்டு வந்தால் பாடத்தை இன்னும் நன்றாக நடத்தலாம் என்று எண்ணினோம். பாடம் கேட்கப் போகிறவர்கள் நாமே என்பது அப்போது தெரியாது.

ஊரும் பெயரும்

லுஸாகாவிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 480 கிலோமீட்டர் தூரத்தில் லிவிங்ஸ்டன் என்னும் ஊர் இருக்கிறது. விமானத்திலும் போகலாம், ஆனால் நமது மடிச்சீலை பஸ்ஸைத்தான் சிபாரிசு செய்தது. காலையில் ஏறி உட்கார்ந்தால் ஏழு மணி நேரப் பிரயாணம். வழி நெடுகிலும் அறுவடைக்கு நின்ற மக்காச்சோளக் கொல்லைகள். பஸ் நிற்கும் இடந்தோறும் வாழைப்பழமும் வேர்க்கடலையும் தலையில் சுமந்து ஓடி வரும் பெண்கள். மாலையில் ஊர் சேர்ந்து, எட்டுப் பேர் அடுக்குக் கட்டில்களில் படுக்கும் மலிவான விடுதி ஒன்றில் இடம் பிடித்தோம். நமக்கு மேல் கட்டிலில் படுத்திருந்த ஐரோப்பிய வாலிபர் இரவெல்லாம் குறட்டை விட்டார். நீர்வீழ்ச்சியின் ஓசைக்கு அது ஒரு முன்னுரை என்று எண்ணி மனத்தைத் தேற்றிக்கொண்டோம்.

இந்த ஊர் 1911 முதல் 1935 வரை வட ரொடீஷியாவின் தலைநகராக விளங்கியது. ரொடீஷியா என்பது ஸெஸில் ரோட்ஸ் என்ற ஆங்கிலேயரின் பெயரிலிருந்து பிறந்த பெயர். ஒரு மனிதரின் பெயரை இரண்டு தேசங்கள் சுமந்துகொண்டிருந்தன. வட ரொடீஷியா 1964-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 24-ஆம் தேதி விடுதலை பெற்று, தன்னூடே பாயும் ஸாம்பஸி நதியின் பெயரால் ஸாம்பியா ஆயிற்று. தென் ரொடீஷியா நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1980-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் தேதி விடுதலை பெற்று, பழைய கற்கோட்டை நகரம் ஒன்றின் பெயரால் ஜிம்பாப்வே ஆயிற்று. ஆனால் லிவிங்ஸ்டன் என்ற ஊரின் பெயர் மட்டும் மாறவில்லை. ஊரில் உள்ள காட்சிசாலையில் அந்தப் பாதிரியாரின் நினைவுப் பொருள்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ரோட்ஸின் பெயரை எடுத்தவர்கள் இவர் பெயரை ஏன் விட்டுவைத்தார்கள் என்ற ஐயம் அன்றிரவே நமக்கு எழுந்தது.

தொலைவில் எழுந்த புகை

மறுநாட் காலை, பலர் சேர்ந்து கூலி கொடுக்கும் வாடகை மோட்டார் ஒன்றில் ஐந்தாவது ஆளாக நெருங்கி உட்கார்ந்தோம். நீர்வீழ்ச்சி ஊருக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. "நடந்து போனால் என்ன?" என்று கேட்டோம். மோட்டார் ஓட்டியவர் சிரித்தார். "போகலாம், ஐயா. ஆனால் யானைகளும் அதே சாலையில்தான் நடக்கின்றன" என்றார். அதற்கு மேல் சிக்கனத்தைப் பற்றி நாம் பேசவில்லை.

பாதி வழியில் அவர் கையை நீட்டிக் காட்டினார். மரங்களுக்கு மேலே வெண்மையான புகை திரண்டு திரண்டு எழும்பிக்கொண்டிருந்தது. காடு தீப்பற்றி எரிகிறதோ என்று ஒரு கணம் திடுக்கிட்டோம். அது தீயன்று, நீர். நீர்ப்பெருக்குக் காலத்தில் இருபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் இந்தப் புகை தெரியும். இன்னும் சற்று அருகே போனதும், நிற்காமல் ஓடும் பெரிய ஆலை யந்திரம் ஒன்றின் முழக்கம்போல் ஓசை கேட்டது. வண்டியை நிறுத்திய பிறகும் அது நிற்கவில்லை. காதால் கேட்டதைவிடக் காலடியில் உணர்ந்தது அதிகம்.

இந்த அருவிக்கு அந்நாட்டார் வழங்கும் பெயர் மோஸி-ஓவா-துன்யா. "இடி முழங்கும் புகை" என்பது அதன் பொருள். நாம் இதைப் புத்தகத்தில் படித்ததுண்டு. ஆப்பிரிக்கர்கள் அழகாகக் கற்பனை செய்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னதும் உண்டு. அன்று காலையில்தான் அது கற்பனை அன்று, கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் இரண்டு வார்த்தைகளில் சொன்ன உண்மை என்று தெரிந்தது.

கீழிருந்து பெய்யும் மழை

வாயிலில் அயல்நாட்டாருக்கு ஒரு கட்டணம், உள்நாட்டாருக்கு ஒரு கட்டணம். நாம் சென்ற அன்று நம்மிடம் 20 டாலர் வாங்கினார்கள். அந்நாட்டுக் குடிமக்களுக்கு அதில் மிகச் சிறிய பங்குதான். முதலில் சற்று மனம் சுருங்கியது. பிறகு, வீட்டுக்காரனும் விருந்தாளியும் ஒரே கட்டணம் கொடுப்பது எந்த ஊர் நியாயம் என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

வாயிலருகே மழை அங்கிகளை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். வானத்தில் ஒரு மேகங்கூட இல்லை. "நம்மிடம் குடை இருக்கிறது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு நடந்தோம். நமது வாழ்க்கையில் செய்த மோசமான சிக்கனங்களில் இதுவும் ஒன்று.

இந்த நீர்வீழ்ச்சியின் அமைப்பைச் சிறிது விளக்கினால்தான் மேலே நடந்தது விளங்கும். மலையிலிருந்து சமவெளியில் விழும் அருவிகளையே நாம் பெரும்பாலும் பார்த்திருக்கிறோம். இது அப்படிப்பட்டதன்று. ஸாம்பஸி நதி சமமான கரும்பாறை மேட்டின்மீது அகன்று, அமைதியாக, தீவுகளைச் சுற்றிக்கொண்டு வருகிறது. திடீரென்று பூமி நதியின் குறுக்கே பிளந்திருக்கிறது. 1,708 மீட்டர் அகலத்துக்கு நதி முழுவதும் அந்தப் பிளவுக்குள் விழுகிறது. ஆழம் மிகுந்த இடத்தில் 108 மீட்டர். நயாகராவைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. எதிர்க் கரையிலும் அதே உயரத்துக்குப் பாறைச் சுவர் நிற்கிறது. விழுந்த நீர் முழுவதும் வெளியேறச் சுமார் 110 மீட்டர் அகலமுள்ள ஒரே ஒரு வாய்தான். ஆகவே, அடைபட்ட காற்றும் நீர்த்துளிகளும் சேர்ந்து மேல்நோக்கிப் பாய்ந்து நானூறு மீட்டருக்கு மேலும் வானத்தில் எழும்புகின்றன. அதுவே நாம் கண்ட புகை.

எதிர்ச் சுவரின்மேல் நின்றுதான் அருவியைப் பார்க்க வேண்டும். அங்கே ஒடுங்கிய பாலம் ஒன்றைக் கடந்து ஒரு முனைக்குப் போகிறார்கள். கத்திமுனைப் பாலம் என்று அதற்குப் பெயர். நாம் சென்றது மே மாத நடுப்பகுதி. மழைக் காலத்து வெள்ளம் ஏப்ரல் மாதத்தில் உச்சத்தை அடைந்து, அப்போதுதான் வடியத் தொடங்கியிருந்தது. ஏப்ரலில் வினாடிக்குச் சுமார் 3,000 கன மீட்டர் நீர் விழுகிறதென்றால், நவம்பரில் ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்குதான். ஸாம்பியாவின் பக்கத்தில் அப்போது வெறும் பாறைகூடத் தெரியும் என்கிறார்கள்.

பாலத்தில் கால் வைத்ததும் மழை தொடங்கிற்று. மேலிருந்து அல்ல, கீழிருந்து. பிறகு இரு பக்கத்திலிருந்தும். குடை ஒரு கணம் தாமரைப் பூவைப்போல் மேல்நோக்கி மலர்ந்தது. மறுகணம் கம்பிகள் மட்டும் கையில் மிஞ்சின. மூக்குக் கண்ணாடி பயனற்றுப் போயிற்று. எதிரே சில நூறு அடி தூரத்தில் உலகத்தின் மிகப் பெரிய நீர்த்திரை விழுந்துகொண்டிருந்தது. நமக்குத் தெரிந்ததோ வெண்மை ஒன்றே. ஆறு வருஷம் சேர்த்த பணத்தில் இவ்வளவு தூரம் வந்து, பார்க்க வந்ததைப் பார்க்க முடியாமல் நனைந்துகொண்டு நின்றோம்.

சுமார் பத்து நிமிஷம் சென்றிருக்கும். காற்று ஒரு முறை திசை மாறிற்று. வெள்ளைத் திரை நடுவில் பிரிந்தது. கறுத்த பாறை, அதன்மேல் விழும்போதே உடைந்து, நூல் நூலாகவும் அம்பு அம்பாகவும் பிரிந்து, அடியைக் காணமுடியாத பள்ளத்துக்குள் இறங்கும் நீர், குறுக்கே, நமது காலுக்குக் கீழே, ஏறக்குறைய முழு வட்டமாக ஒரு வானவில். மூச்சு இரண்டு முறை விடுவதற்குள் திரை மூடிக்கொண்டது. பக்கத்தில் நின்ற அயல்நாட்டு அம்மையார் ஒருவர் தம் கைப்பேசியைப் பையிலிருந்து வெளியே எடுத்து முடிப்பதற்குள் எல்லாம் மறைந்துவிட்டது. அவரைப் பார்த்து நாம் இரங்கினோம். ஆனால், கையில் ஒன்றும் இல்லாததால் நாம் அந்த இரண்டு மூச்சையும் முழுதும் பார்த்துவிட்டோம்.

குரங்கின் பங்கு

நனைந்த சட்டையை வெயிலில் உலர்த்தியபடி, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். சிநேகிதரின் மனைவியார் செய்து கொடுத்த சப்பாத்தியும் உருளைக்கிழங்கும். முதல் துண்டு வாய்க்குப் போவதற்குள், பபூன் என்னும் நாய்முகக் குரங்கு ஒன்று அவசரம் ஏதுமின்றி நடந்து வந்தது. பொட்டலம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. நம்மை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. சுங்க அதிகாரி ஒருவர்கூட இவ்வளவு கண்ணியமாகப் பறிமுதல் செய்யமாட்டார்.

பின்னால் கொல்லென்று சிரிப்பொலி எழுந்தது. திரும்பிப் பார்த்தோம். சீருடை அணிந்த பிள்ளைகள் முப்பது பேர். அவர்களுடன் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆசிரியை ஒருவர். பிள்ளைகளை அதட்டி அடக்கிவிட்டு, நம்மிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிறகு தம் கூடையைத் திறந்து, மக்காச்சோள மாவில் கிண்டிய கெட்டியான களியும், சிறு பொரித்த மீனும், கீரையும் எடுத்து வைத்தார். அந்தக் களியை அங்கே ந்ஷீமா என்கிறார்கள். ஸாம்பியர்களுக்கு அதுதான் சோறு. மீன் நமக்குப் பழக்கமில்லை என்று கூறி, களியையும் கீரையையும் மட்டும் வாங்கிக்கொண்டோம். கையால் உருட்டிச் சாப்பிட்டதைப் பார்த்த பிள்ளைகளுக்கு நம்மீது உடனே மதிப்பு உண்டாயிற்று.

அவர்கள் சோமா என்ற ஊரின் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியைச் சேர்ந்தவர்கள். ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து விடியுமுன் புறப்பட்டு வந்திருந்தார்கள். ஒரு வருஷம் பெற்றோர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணத்தில் பஸ் அமர்த்தியதாக ஆசிரியை கூறினார். முப்பது பேரில் ஒருவர்கூட இதற்குமுன் இந்த அருவியைப் பார்த்ததில்லை. பணத்தாளிலும் புத்தகத்திலும் பார்த்ததோடு சரி. சிக்கனப் பிரயாணி என்று நம்மை நாமே மெச்சிக்கொண்டிருந்த நமக்கு அது சற்று உறைத்தது.

நாமும் ஆசிரியத் தொழிலில் இருப்பவர் என்று தெரிந்ததும் பேச்சு வளர்ந்தது. ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம், இருவருக்கும் அது இரவல் மொழி. பேச்சோடு பேச்சாக, நமது ஒரு மார்க்குக் கேள்வியைப்பற்றிச் சொன்னோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நானும் சிறு வயதில் அந்த விடையை எழுதி மார்க்கு வாங்கியவள்தான்" என்றார். "லிவிங்ஸ்டன் இதைப் பார்த்தார், எழுதினார், வெளி உலகுக்குச் சொன்னார். மூன்றும் உண்மை. 'கண்டுபிடித்தார்' என்பதுதான் இடிக்கிறது. அவரைத் தோணியில் உட்காரவைத்து அழைத்துப் போனவர்கள் என்ன, கண்ணை மூடிக்கொண்டா துடுப்புப் போட்டார்கள்?"

நமக்குப் பதில் தோன்றவில்லை.

தோணியில் போனவரும் துடுப்புப் போட்டவரும்

வரலாறு அவர் பக்கத்தில்தான் இருக்கிறது. லிவிங்ஸ்டன் இந்த அருவியைப்பற்றி 1851-ஆம் ஆண்டிலேயே கேள்விப்பட்டுவிட்டார். மகலோலோ மக்களின் அரசரான ஸெபித்துவானே, ஓசையிடும் புகை உமது நாட்டில் உண்டா என்று அவரைக் கேட்டதாக அவரே தம் நூலில் எழுதியிருக்கிறார். நான்கு வருஷங்களுக்குப் பின், அவ்வரசரின் மகன் ஸெகெலேட்டு ஆள்களும் தோணியும் கொடுத்து உதவ, 1855-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி, நீர்வீழ்ச்சியின் விளிம்பிலேயே இருக்கும் ஒரு தீவில் லிவிங்ஸ்டன் இறக்கிவிடப்பட்டார். அந்தச் சுழல்களுக்கு நடுவே விளிம்புவரை தோணி செலுத்தத் தெரிந்தவர்களுக்கு அருவி புதியதா என்ன?

அருவியின் ஓசை கேட்குமிடத்தில் மூன்று குறுநிலத் தலைவர்கள் மூன்று தலங்களில் முன்னோரை வழிபட்டு வந்ததையும் அவரே குறித்திருக்கிறார். தம் அரசியாரின் பெயரை அருவிக்குச் சூட்டினார். அந்நாட்டில் தாம் இட்ட ஆங்கிலப் பெயர் இது ஒன்றுதான் என்றும் எழுதினார். விக்டோரியா அரசியார் இந்த அருவியை ஒருநாளும் பார்த்ததில்லை.

லிவிங்ஸ்டன் உண்மை விரும்பி என்பதில் சந்தேகமில்லை. முதல் முறை அவர் உயரத்தை நூறு அடி என்றே மதிப்பிட்டார். 1860-இல் திரும்பி வந்து, துப்பாக்கிக் குண்டுகளையும் வெள்ளைத் துணியையும் கட்டிய கயிற்றைப் பள்ளத்தில் இறக்கிப் பார்த்தபோது 310 அடிக் கயிறு சென்றது. தம் பழைய கணக்குத் தவறென்று ஒப்புக்கொண்டு திருத்தினார். முதல் முறை அத்தீவில் பீச், சர்க்கரை பாதாமிக் கொட்டைகளையும் காப்பி விதைகளையும் ஊன்றி ஒரு தோட்டம் போட்டார். நீர்யானைகள் அதை மிதித்துத் தின்றுவிட்டன. அவர் இட்ட பெயர் மட்டும் தழைத்தது.

"அப்படியானால் மோஸி-ஓவா-துன்யா என்பதுதானே சரியான பெயர், மேடம்?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

ஆசிரியை புன்னகை செய்தார். "அதுவும் வந்தவர்கள் வைத்த பெயர்தான், மகளே. கொலோலோ மக்கள் தெற்கேயிருந்து படையெடுத்து வந்தவர்கள். அவர்கள் வருமுன்பே இங்கே இருந்த நம் டோங்கா மக்கள் ஷூங்கு நாமுதிதிமா என்றார்கள். கொதிக்கும் நீர் என்று அர்த்தம். அவர்களுக்கும் முன் இருந்தவர்கள் என்ன சொன்னார்களோ, கேட்டு எழுதிவைத்தவர் ஒருவரும் இல்லை."

அருவியின் அருகிலேயே சிறிய காட்சிசாலை ஒன்று இருக்கிறது. அங்கே அகழ்ந்தெடுத்த பழைய கற்காலக் கருவிகளை வைத்திருக்கிறார்கள். காலையில் நாம் அவற்றை அலட்சியமாகப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அந்தக் கல்லைத் தீட்டியவனும் இந்த முழக்கத்தைக் கேட்டிருப்பான். அவன் நாவிலும் இதற்கு ஒரு சொல் இருந்திருக்கும் என்று இப்போதுதான் தோன்றிற்று.

முன்னாளிரவு எழுந்த ஐயத்தையும் கேட்டுவிட்டோம். "ரோட்ஸின் பெயரை எடுத்தீர்கள், லிவிங்ஸ்டன் பெயரை ஏன் விட்டுவைத்தீர்கள்?"

"அவர் அடிமை வியாபாரத்தை எதிர்த்தார் என்பதை எங்கள் பெரியவர்கள் மறக்கவில்லை" என்றார் ஆசிரியை. சிறிது நேரம் யோசித்துவிட்டுத் தொடர்ந்தார். "ஒரு பெயரை வைத்துக்கொள்வதும் எடுத்துவிடுவதும் பெரிய காரியமல்ல. அதைத் தீர்மானிப்பவர் யார் என்பதுதான் காரியம். இப்போது நாங்கள் தீர்மானிக்கிறோம்."

அருவியைச் சூழ்ந்த காட்டுக்கு ஸாம்பியாவில் மோஸி-ஓவா-துன்யா தேசியப் பூங்கா என்று பெயர். எதிர்க் கரையில், ஜிம்பாப்வேயில், விக்டோரியா பெயராலேயே பூங்கா இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஸ்தாபனம் இதை உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது இரண்டு பெயர்களையும் சேர்த்தே எழுதிக்கொண்டது.

இரு தேசங்களுக்கு நடுவே

அருவியின் பெரும் பகுதியை ஜிம்பாப்வேயின் கரையிலிருந்துதான் நேருக்கு நேராகப் பார்க்கலாம். ஆனால் அதற்கு வேறு நுழைவு அனுமதி, வேறு கட்டணம். நமது கணக்குப் புத்தகம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஏழைப் பிரயாணிக்கு ஒரு வழி உண்டு. ஸாம்பியாவின் எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட்டைக் காட்டினால், பாலம்வரை போய்வரக் கட்டணமில்லாமல் ஒரு துண்டுச் சீட்டுக் கொடுக்கிறார்கள். அதைப் பெற்றுக்கொண்டு பாலத்துக்கு நடந்தோம்.

பள்ளத்தின் இரு கரைகளையும் ஒரே வளைவால் தாவிப் பிடிக்கும் இரும்புப் பாலம் அது. நீளம் 198 மீட்டர். நீர்மட்டத்துக்கு மேல் உயரம் 128 மீட்டர். தென்முனைக் கேப் நகரத்திலிருந்து வடமுனைக் கெய்ரோவரை ரயில் ஓட்ட வேண்டுமென்று ரோட்ஸ் கனவு கண்டார். அருவியின் திவலைகள் ரயில் வண்டிகளின்மேல் தெறிக்கும்படி இங்கேதான் பாலம் கட்டவேண்டும் என்பது அவர் விருப்பம். அவர் 1902-இல் இறந்துபோனார். அருவியைப் பார்த்ததே இல்லை. இங்கிலாந்தில் டார்லிங்டன் நகரத்தில் வார்த்த இரும்பைக் கப்பலில் கொண்டுவந்து, இரு கரையிலிருந்தும் வளைவை நீட்டிக்கொண்டே போய், 1905-ஆம் ஆண்டு மார்ச்சுக் கடைசியில் நடுவில் கூட்டினார்கள். பகல் வெயிலில் இரும்பு விரிந்து, கடைசிச் சட்டம் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக நீண்டு நின்றதாம். இரவுக் குளிரில் அது சுருங்க, மறுநாள் விடியற்காலையில் தானே சரியாகப் பொருந்திற்று. அதே ஆண்டு செப்டம்பர் 12-ஆம் தேதி, புகழ்பெற்ற சார்லஸ் டார்வினின் குமாரர் ஜார்ஜ் டார்வின் பாலத்தைத் திறந்துவைத்தார்.

கெய்ரோவரை அந்த ரயில் பாதை போய்ச் சேரவில்லை. ஆனால் பாலம் வேறொன்றைக் கண்டது. 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் தேதி, ரொடீஷியாவின் வெள்ளையர் ஆட்சித் தலைவர் இயான் ஸ்மித்தும் ஆப்பிரிக்கத் தேசியத் தலைவர்களும் இந்தப் பாலத்தின் நடுவே நிறுத்திய ரயில் வண்டி ஒன்றில் கூடிப் பேசினார்கள். எல்லைக்கோடு வண்டியின் நடுவே விழும்படி அதை நிறுத்தியிருந்தார்கள். ஒரு சாரார் தெற்கே, மறு சாரார் வடக்கே. ஸாம்பியாவின் ஜனாதிபதி கௌண்டாவும் தென்னாப்பிரிக்கப் பிரதம மந்திரி வொர்ஸ்டரும் உடனிருந்தார்கள். பேச்சு முறிந்தது. எதிர்க் கரைக்கு விடுதலை வர இன்னும் ஐந்து ஆண்டுகள் சென்றன.

இன்று அதே இடத்தில் வாலிபர்கள் காலில் ரப்பர்க் கயிற்றைக் கட்டிக்கொண்டு 111 மீட்டர் ஆழத்துக்குக் குதிக்கிறார்கள். அதற்குரிய கட்டணம் நமது பல நாள் செலவுக்குச் சமம். பணம் கொடுத்துத் தலைகீழாகத் தொங்குவதைவிட, பணம் கொடுக்காமல் நேராக நிற்பது மேல் என்று தீர்மானித்தோம். வியாபாரி ஒருவர் ஜிம்பாப்வேயின் பழைய பணத்தாள் ஒன்றை நீட்டினார். 2009-ஆம் ஆண்டில், விலைவாசி தலை தெறிக்க ஏறியபோது, வெளிவந்த தாள். ஒன்றுக்குப் பின்னால் பதினான்கு பூஜ்யங்கள். அதாவது ஒரு கோடி கோடி டாலர். இப்போது செல்லாது. அதற்கு அவர் ஐந்து அமெரிக்க டாலர் கேட்டார். கோடீசுவரர் ஆவதற்கு நமக்கு வசதி இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்தோம்.

பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தோம். ஒன்றே முக்கால் கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த நதி முழுவதும் ஒடுங்கிய வாயால் வெளியேறி, கொப்பரையில் கொதிப்பதுபோல் பச்சை நிறமாகச் சுழன்றுகொண்டிருந்தது. கொதிக்கும் நீர் என்று டோங்கா மக்கள் சொன்னது இதைத்தான் போலும். மேலே நின்று பார்த்தவர்கள் புகை என்றார்கள். கீழே நின்று பார்த்தவர்கள் கொதிநீர் என்றார்கள். இரு சாராரும் தாங்கள் கண்டதைத்தான் சொன்னார்கள்.

நமக்கு முன்னும் பின்னும், தலையில் மூட்டையும் முதுகில் குழந்தையுமாகப் பெண்கள் இங்கிருந்து அங்கும், அங்கிருந்து இங்குமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் அருவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அது தினமும் கேட்கும் ஓசை.

திருத்திய கேள்வி

மாலையில் அருவிக்கு மேற்புறம் ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். அங்கே நதி சலனமில்லாமல் பொன்னிறமாக இருந்தது. சற்று தூரத்தில் தனக்கு என்ன நேரப்போகிறதென்று அறியாததுபோல் ஒரு மரக்கிளை மெதுவாக மிதந்து போயிற்று. இந்த நீர் இன்னும் எத்தனையோ நூறு கிலோமீட்டர் ஓடி, மொஸாம்பிக் நாட்டைக் கடந்து, இந்து மகா சமுத்திரத்தில் கலக்கிறது.

இரவு விடுதியில் கணக்கு எழுதினோம். வாயில் கட்டணம், வாடகை மோட்டார், இரண்டு நாள் படுக்கை, பஸ் கட்டணம். நஷ்டம் என்ற தலைப்பில் குடை ஒன்று, சப்பாத்தி ஆறு. வரவு என்ற தலைப்பில் களியும் கீரையும் எழுதினோம். ஆசிரியையின் கேள்வியை எந்தத் தலைப்பில் எழுதுவதென்று தெரியவில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. பூகோளப் பாடம் வந்தபோது, பழைய கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, "கண்டுபிடித்தவர்" என்ற சொல்லைப் பிள்ளைகள் எதிரிலேயே அடித்தோம். "இருபது வருஷமாக இதைத் தவறாகக் கேட்டுவிட்டேன்" என்று ஒப்புக்கொண்டோம். லிவிங்ஸ்டன் 310 அடிக் கயிற்றை இறக்கித் தம் கணக்கைத் திருத்திக்கொண்டாரே, அதைச் செய்ய நமக்கு மட்டும் என்ன கூச்சம்? பிறகு புதிய கேள்வியை எழுதினோம்: "இந்த நீர்வீழ்ச்சிக்கு வழங்கும் மூன்று பெயர்களைக் கூறி, ஒவ்வொன்றையும் இட்டவர் யார், ஏன் இட்டார் என்று எழுதுக." மூன்று மார்க்கு.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பையன் ஒருவன் எழுந்து, "ஸார், அந்தத் தோணியை ஓட்டினவங்க பேர் என்ன?" என்று கேட்டான்.

அதற்கு நாம் விடை சொல்ல முடியவில்லை. ஆனால் இருபது வருஷங்களில் அந்தப் பாடத்தில் நம்மிடம் ஒரு பிள்ளை கேட்ட முதல் கேள்வி அதுதான்.